கம்பத்தில் கரண்ட் இருக்கிறது, வண்டியில் இல்லை: ஆர்வி ஷோர் பவர் கோளாறுகளை இனம்காணும் வழி

அமெரிக்காவில் ஆர்வி (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பயண வண்டி) வாடகைக்கு எடுத்து முதன்முறையாக முகாமில் தங்குகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். வண்டிக்குள் விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, கூரை ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது என்று நம்பிப் படுத்துவிடுகிறார்கள். விடிகாலையில் விளக்கு மங்கி, ஹீட்டர் நின்று, வண்டி குளிர்ந்துபோகிறது. ராத்திரி முழுக்க எல்லாம் ஓடியது வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில்தான். வெளியே இருந்து கரண்ட் வரவே இல்லை.

ஆர்வியில் இரண்டு மின்சார அமைப்புகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. விளக்கு, பம்ப், கூரை ஃபேன், கேஸ் ஹீட்டரின் ஊதி, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் 12 வோல்ட். ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக் பாயிண்ட்கள், வெந்நீர்த் தொட்டியின் மின்கம்பிச் சுருள் ஆகியவை 120 வோல்ட். துறைமுகத்தில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து கொடுக்கும் கரண்டுக்கு ஷோர் பவர் என்று பெயர். அதே பெயர்தான் முகாமின் கம்பத்திலிருந்து வண்டிக்கு வரும் இந்த 120 வோல்ட்டுக்கும். அது வருகிறதா என்று பார்க்க மைக்ரோவேவின் கடிகாரத்தைப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வண்டியென்றால் முதலில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பேட்டரியே மைக்ரோவேவுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். கடிகாரம் இருட்டாக இருந்தால் ஷோர் பவர் வரவில்லை.

இந்தக் கட்டுரை வட அமெரிக்க வண்டிகளுக்கும் முகாம்களுக்கும் மட்டும். ஐரோப்பாவில் வோல்டேஜ், பிளக், விதிகள் எல்லாம் வேறு.

முதலில் சாக்கெட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

முகாமில் ஒவ்வொரு இடத்திலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி நிற்கும். அதற்குப் பெடஸ்டல் என்று பெயர். எல்லா முகாமிலும் இது இருக்காது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் மட்டும்தான் மின் இணைப்பு உண்டு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் உண்டு, அருகிலேயே உள்ள மேதர் முகாமில் கிடையாது. இடம் பதிவு செய்யும்போதே 30 ஆம்ப்ஸா 50 ஆம்ப்ஸா என்று கேட்டுவிடுங்கள்.

30 ஆம்ப்ஸ் சாக்கெட்டின் பெயர் டிடி-30. சாய்வான இரண்டு துவாரம், வட்டமாக ஒரு எர்த் துவாரம். ஒரே ஒரு ஃபேஸ், 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட் கிடைக்கும்.

50 ஆம்ப்ஸ் சாக்கெட்டின் பெயர் 14-50. நான்கு துவாரம். பக்கவாட்டில் நிற்கும் இரண்டும் ஃபேஸ், வட்டத் துவாரம் எர்த், அதற்கு நேரெதிரில் இருப்பது நியூட்ரல். இரண்டு ஃபேஸும் தனித்தனியாக 50 ஆம்ப்ஸ் கொடுக்கும் என்பதால் மொத்தம் 12,000 வாட். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் 20 ஆம்ப்ஸ்தானே என்று எண்ணவேண்டாம். மூன்று மடங்குக்கும் மேல்.

நம் ஊரில் ஃபேஸ் என்பதை இங்கே ஹாட் என்பார்கள். அதைவிட முக்கியம் ஒயரின் நிறம். தமிழ்நாட்டில் வீட்டு வயரிங் பார்த்துப் பழகியவர்களுக்குக் கருப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்காவில் கருப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறையில்லாத செம்பு எர்த். 50 ஆம்ப்ஸ் கேபிளில் இரண்டாவது ஃபேஸ் சிவப்பு. இலங்கையில் பழுப்பு, நீலம் பார்த்துப் பழகியவர்களும் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. பிளக்கை மாற்றும்போது இந்த ஒரு குழப்பம் போதும், உயிருக்கே ஆபத்து.

கையில் இருக்கவேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதன் மேல் கேட்-3, 600 வோல்ட் என்ற தரக்குறி இருக்கவேண்டும். மாற்றுமின்னோட்ட வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்பு முனை வோல்ட் என்று குறித்த துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆம்ப்ஸ் துளையில் செருகியபடி வோல்டேஜ் பார்த்தால் மீட்டர் நேராக ஷார்ட் ஆகிவிடும்.

பேனா வடிவத்தில் தொடாமலேயே கரண்டைக் காட்டும் டெஸ்டர் ஒன்று. மூன்று விளக்கு உள்ள பிளக் டெஸ்டர் ஒன்று. 30 ஆம்ப்ஸ் சாக்கெட்டை வீட்டுப் பிளக் பாயிண்டாக மாற்றித் தரும் அடாப்டர் ஒன்று.

இவற்றோடு இஎம்எஸ் எனப்படும் காவல் பெட்டி. பெடஸ்டலுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுவது. இதற்குச் செலவிடத் தயங்கவேண்டாம். கடையில் சர்ஜ் புரொடெக்டர் என்ற பெயரில் விலை குறைந்த பெட்டிகளும் இருக்கும். அவை மின்னல் வெட்டும்போது வரும் திடீர் ஏற்றத்தை மட்டும் தாங்கும். லோ வோல்டேஜ், நியூட்ரல் அறுந்துபோவது போன்றவற்றுக்கு அவை ஒன்றும் செய்யாது. இஎம்எஸ் என்பது தவறு கண்டால் கரண்டையே துண்டிப்பது. பொதுவாக 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132 வோல்ட்டைத் தாண்டினாலும் துண்டித்துவிடும். வாடகை வண்டியில் பெரும்பாலும் இது இருக்காது, எடுக்கும்போதே கேட்டுப்பாருங்கள்.

செருகும் முன் ஐந்து நிமிடம்

கோளாறு வந்தபின் தேடுவதைவிட, செருகும் முன்பே கண்டுபிடிப்பது சுலபம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. வண்டிக்குள் ஏசி, வெந்நீர்த் தொட்டியின் மின் சுவிட்ச் இரண்டையும் அணையுங்கள்.

2. பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். சாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள். பழுப்பு நிறம், உருகிய பிளாஸ்டிக், கருகிய வாடை, ஆடும் சாக்கெட் எது இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். பெடஸ்டலை நீங்களாகத் திறக்கக்கூடாது.

3. பிரேக்கரை ஆன் செய்து மீட்டரால் அளவெடுங்கள். தரை ஈரமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், இஎம்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். டிடி-30 என்றால் சாய்வான இரண்டு துவாரங்களுக்கு நடுவே 120. ஒரு சாய்வுத் துவாரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே 120, மற்றொன்றுக்கும் வட்டத்துக்கும் நடுவே பூஜ்யம் அல்லது ஓரிரு வோல்ட். 14-50 என்றால் பக்கத்துத் துவாரங்கள் இரண்டுக்கும் நடுவே 240. அவை ஒவ்வொன்றிலிருந்தும் நியூட்ரலுக்கு 120, எர்த்துக்கு 120. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பூஜ்யம்.

4. அடாப்டரில் மூன்று விளக்கு டெஸ்டரைச் செருகி, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. பிரேக்கரை ஆஃப் செய்து, இஎம்எஸ்ஸைச் செருகி, அதில் கேபிளைச் செருகி, மறுமுனையை வண்டியில் பூட்டியபின் பிரேக்கரை ஆன் செய்யுங்கள். இஎம்எஸ் உடனே கரண்ட் விடாது. இரண்டு நிமிடத்துக்கு மேலும் காத்திருக்கும் பெட்டிகள் உண்டு. ஏசி கம்ப்ரெஸர் நின்ற உடனே மறுபடி கிளம்பினால் அழுத்தத்தோடு மோதித் திணறும். அதைத் தவிர்க்கவே இந்தத் தாமதம். இதைக் கோளாறு என்று நினைத்து மீண்டும் மீண்டும் பிடுங்கிச் செருகுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

6. கடைசியாக ஏசியைப் போட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 120 இருந்தது 116 ஆனால் பரவாயில்லை. 110-க்கு இறங்கினால் அந்தப் பெடஸ்டலுக்கு வரும் ஒயரோ இணைப்போ பலவீனம்.

கழற்றும்போதும் இதே ஒழுங்கு: ஏசியை நிறுத்து, பிரேக்கரை ஆஃப் செய், பிறகுதான் பிளக்கில் கை வை. லோடு ஓடும்போது பிளக்கை உருவினால் முனைகளில் தீப்பொறி பறந்து உலோகம் குழிவிழும். அந்தக் குழிதான் அடுத்த மாதம் சூடேறிக் கருகும் இடம்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

பெடஸ்டலில் ஆரம்பித்து உள்ளே நோக்கி வாருங்கள். உள்ளேயிருந்து தொடங்கினால் பேனலைக் கழற்றி, ஃபியூஸ்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் வெளியே பிரேக்கர் டிரிப் ஆகியிருந்ததைக் காண்பீர்கள்.

பெடஸ்டல் பிரேக்கர் டிரிப் ஆனால் முழுவதும் கீழே விழாது, நடுவில் நிற்கும். பார்வைக்கு ஆன் போலவே தெரியும். மேலே தள்ளினால் மட்டும் போதாது. ஆஃப் பக்கம் அழுத்தமாகத் தள்ளி, பிறகு ஆன் செய்யவேண்டும். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் ஆன் ஆஃப் செய்வதால் முகாம் பிரேக்கர்கள் தேய்ந்துபோகும். ஆனில் இருந்தும் சாக்கெட்டில் கரண்ட் இல்லையென்றால் பிரேக்கரே போய்விட்டது, முகாம் ஆள்தான் மாற்றவேண்டும்.

சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறது, இஎம்எஸ் விடவில்லை என்றால் அதன் திரையைப் படியுங்கள். ப்ரோக்ரஸிவ் இண்டஸ்ட்ரீஸ் பெட்டிகளில் இ-1 என்றால் ஃபேஸ் நியூட்ரல் இடமாற்றம், இ-2 என்றால் எர்த் இல்லை, இ-3 என்றால் முதல் ஃபேஸில் வோல்டேஜ் அதிகம், இ-4 என்றால் குறைவு. மற்ற நிறுவனங்களுக்கு வேறு குறியீடுகள், பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். இதில் எது வந்தாலும் இஎம்எஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றக்கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: சிறிய கைஜெனரேட்டரில் செருகும்போது எர்த் இல்லை என்று காட்டும். அந்த ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது. அதற்கென்று நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் சிறு பிளக் விற்கிறது, அதை ஜெனரேட்டரின் காலியான இன்னொரு பிளக் பாயிண்டில் செருகினால் சரியாகும். பெடஸ்டலிலோ வீட்டிலோ அந்தப் பிளக்கை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது கேபிளின் வண்டிப்பக்க முனை. கழற்றிப் பூட்டும் வகையென்றால் உள்ளே தள்ளி வலப்புறம் திருகி, மேலே உள்ள வளையத்தையும் இறுக்கவேண்டும். பாதி திருகி விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். திருகாமல் தொங்கும் முனை சில நாள் வேலை செய்யும், பிறகு கருகும்.

வண்டியில் ஜெனரேட்டர் இருந்தால் அதற்கும் பெடஸ்டலுக்கும் நடுவே மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் ஒரு பெட்டியில் இருக்கும். பெரும்பாலும் கேபிள் வைக்கும் அறையின் பின்சுவரிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும். அதைத் திறக்காமலேயே சோதிக்க ஒரு வழி: கேபிளைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டி, ஒரு நிமிடம் பொறுத்து மைக்ரோவேவைப் பாருங்கள். ஜெனரேட்டரில் கடிகாரம் எரிகிறது, பெடஸ்டலில் எரியவில்லை என்றால் கோளாறு டிரான்ஸ்ஃபர் சுவிட்சிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. இரண்டிலும் எரியவில்லையென்றால் அதற்குப் பின்னால், அதாவது வண்டியின் மெயின் பிரேக்கரிலோ பேனலிலோ. ‘கிர்ர்’ என்று விடாமல் உறுமும் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தால் உள்ளே ரிலே திணறுகிறது, அல்லது வோல்டேஜ் குறைவு. சில பழைய வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் சுவிட்சே கிடையாது. கேபிள் அறைக்குள் ஜெனரேட்டருக்கென்று ஒரு சாக்கெட் இருக்கும், ஜெனரேட்டர் ஓட்டும்போது ஷோர் கேபிளை அதில் செருகவேண்டும்.

ஜெனரேட்டர் இல்லாத வண்டி என்றால் பக்கத்து இடம் காலியா என்று கேட்டு, அந்தப் பெடஸ்டலில் செருகிப் பாருங்கள். வண்டியா கம்பமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

50 ஆம்ப்ஸ் வண்டியில் பாதி மட்டும் ஓடுகிறது

ஒரு ஏசி ஓடுகிறது, இன்னொன்று செத்துக் கிடக்கிறது. மைக்ரோவேவ் இருக்கிறது, படுக்கையறைப் பிளக் இல்லை. இப்படியென்றால் இரண்டு ஃபேஸில் ஒன்று வரவில்லை. பெடஸ்டலில் இரண்டு பக்கத் துவாரங்களையும் தனித்தனியாக நியூட்ரலோடு அளந்தால் தெரிந்துவிடும். அங்கே சரியாக இருந்தால் கேபிள் முனையிலோ டிரான்ஸ்ஃபர் சுவிட்சிலோ ஒரு முனை கருகியிருக்கும்.

இரண்டு ஃபேஸுக்கும் நடுவே 240-க்குப் பதில் 208 வந்தால் பயப்படவேண்டாம், அந்த முகாமுக்கு மூன்று ஃபேஸ் சப்ளை. பூஜ்யம் வந்தால் யோசிக்கவேண்டும். இரண்டு துவாரத்துக்கும் ஒரே ஃபேஸைக் கொடுத்திருக்கிறார்கள். சரியான இணைப்பில் இரண்டு ஃபேஸின் கரண்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே ஃபேஸ் என்றால் கூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் 100 ஆம்ப்ஸ் வரை போகலாம், அதைத் தடுக்க நியூட்ரலில் பிரேக்கர் கிடையாது. 30 ஆம்ப்ஸ் கம்பத்தில் அடாப்டர் வைத்து 50 ஆம்ப்ஸ் வண்டியைச் செருகும்போதும் வண்டிக்குள் பூஜ்யம்தான் வரும். ஆனால் அங்கே 30 ஆம்ப்ஸ் பிரேக்கர் மொத்தத்தையும் கட்டுப்படுத்துவதால் ஆபத்தில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது 50 ஆம்ப்ஸில் நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது இரு பக்கத்துச் சாதனங்களும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் ஏசி, மறுபக்கம் டிவி மட்டும் என்றால் ஏசி பக்கம் 60 வோல்ட்டுக்குச் சரியலாம், டிவி பக்கம் 180-க்கு ஏறலாம். சில நொடிகளில் டிவி, மைக்ரோவேவ் பலகை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் எல்லாம் புகைந்துவிடும். வீட்டிலென்றால் விளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். ஆர்வி விளக்குகள் 12 வோல்ட் என்பதால் அந்த எச்சரிக்கை இங்கே கிடைக்காது. இதற்காகவே இஎம்எஸ் இல்லாமல் 50 ஆம்ப்ஸில் செருகவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறோம்.

ஓடுகிறது, ஆனால் அடிக்கடி டிரிப் ஆகிறது

பெரும்பாலும் இது கணக்குப் பிரச்சினை. 30 ஆம்ப்ஸ் பிரேக்கரில் நீண்ட நேரம் இழுக்கக்கூடியது அதில் 80 சதவீதம், அதாவது 24 ஆம்ப்ஸ். ஏசி சுமார் 13, வெந்நீர்த் தொட்டி 1,440 வாட் என்பதால் 12, பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் சுமார் 5. இந்த மூன்றிலேயே 30 ஆகிவிட்டது. அதன்மேல் மைக்ரோவேவை அழுத்தினால் இன்னொரு 12 அல்லது 13. பிரேக்கர் உடனே விழாது, சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழும். வெயிலில் நிற்கும் பெடஸ்டலில் இன்னும் சீக்கிரம் விழும். ‘இவ்வளவு நேரம் நன்றாகத்தானே ஓடியது’ என்ற குழப்பம் இதனால்தான்.

நம் சமையலுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 1,000 வாட் மின்சாரக் குக்கர் 8 ஆம்ப்ஸுக்குச் சற்று மேல், 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்ப்ஸ். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டினால், 750 வாட்டுக்கு 120 வோல்ட் பக்கம் 6 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் கூட. 50 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் 240 இருக்கிறதே என்று மிக்ஸியை அதில் மாட்ட வழி தேடாதீர்கள். அடுப்பும் வெந்நீரும் கேஸில் ஓடும்படி மாற்றினால் ஏசியோடு சமையலும் நிம்மதியாக நடக்கும்.

சேர்த்துக் கூட்டினாலும் 20 ஆம்ப்ஸ் தாண்டவில்லை, அப்படியும் டிரிப் ஆகிறது என்றால் பிளக்கைத் தொட்டுப்பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் லூஸ் காண்டாக்ட். கணக்கைப் பாருங்கள்: தேய்ந்த முனையில் 0.1 ஓம் தடை இருந்தால் 25 ஆம்ப்ஸ் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 62 வாட் வெப்பம். பழைய குண்டு பல்பு ஒன்றைப் பிளக்குக்குள் வைத்து எரிப்பது போல. அந்தச் சூடு பிரேக்கருக்கும் பரவி அதை விழவைக்கும். கருத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, உள்ளே பிடிப்பு போய்விட்டது. பிளக்கை மாற்றுங்கள்: கருப்பு ஒயர் பித்தளைத் திருகில், வெள்ளை வெள்ளித் திருகில், பச்சை பச்சைத் திருகில். திருகுகளை நன்றாக இறுக்குங்கள். அதன்பின் அதே கருகிய சாக்கெட்டில் செருகினால் புதுப் பிளக்கும் ஒரே நாளில் கெட்டுவிடும், இடம் மாறுங்கள்.

கேபிள் மிச்சமிருந்தால் சுருட்டி வைக்காமல் நெளிநெளியாகத் தரையில் பரப்புங்கள். சுருளுக்குள் சூடு தேங்கும்.

மதியம் ஏசி நிற்கிறது: லோ வோல்டேஜ்

ஜூலை மாத மதியம், முகாமில் எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில் 120 என்பது 105-க்குச் சரியலாம். மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூடுதலாக இழுத்துச் சுருளைச் சூடாக்கிக்கொள்ளும். கம்ப்ரெஸர் போகும் வழி இது. இஎம்எஸ் துண்டித்தால் அது வண்டியைக் காப்பாற்றுகிறது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள இடம் கேளுங்கள், மெயினிலிருந்து தூரம் குறைந்தால் வோல்டேஜ் கூடும். அடிக்கடி இந்தச் சிக்கல் வந்தால் ஆட்டோஃபார்மர் வாங்கலாம். நம் வீட்டு ஸ்டெபிலைசரின் வேலைதான் அதற்கும், வோல்டேஜை ஏறத்தாழ 10 சதவீதம் உயர்த்தும். ஆனால் உயர்த்திய வோல்டேஜுக்கு ஈடாகப் பெடஸ்டலிலிருந்து கரண்டைக் கூடுதலாக இழுக்கும், பிரேக்கர் கணக்கில் அதையும் சேருங்கள்.

சில பிளக் பாயிண்ட் மட்டும் வேலை செய்யவில்லை

குளியலறையிலோ சமையல் மேடையிலோ இரண்டு பொத்தான் உள்ள ஜிஎஃப்சிஐ பாயிண்ட் (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் பிளக் பாயிண்ட்) ஒன்று இருக்கும். வெளிப்புறப் பாயிண்ட், சமையல் பாயிண்ட் பலவும் அதன் பின்னால் கோர்த்திருக்கும். அதன் ரீசெட்டை அழுத்துங்கள். 120 வோல்ட் வராதபோது அழுத்தினால் நிற்காது, அதைப் பார்த்துப் பாயிண்ட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அதுவும் சரியென்றால் இன்வெர்ட்டரின் உடம்பிலேயே சிறு பிரேக்கர் பொத்தான் இருக்கும், அது வெளியே துருத்தியிருக்கிறதா பாருங்கள்.

பெடஸ்டல் சரி, பேட்டரி மட்டும் இறங்குகிறது

பேட்டரி முனைகளில் நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் மீட்டர் வையுங்கள். செருகும் முன் 12.4 இருந்தால் செருகியபின் 13.2-க்கும் 14.4-க்கும் நடுவே வரவேண்டும். அசையாமல் 12.4-லேயே நின்றால் கன்வெர்ட்டர் சார்ஜ் செய்யவில்லை. மூன்றைப் பாருங்கள்: பேனலில் கன்வெர்ட்டர் என்று குறித்த பிரேக்கர், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் (அணைந்திருந்தால் பல வண்டிகளில் சார்ஜும் போகாது), கன்வெர்ட்டரிலேயே உள்ள தலைகீழ் இணைப்பு ஃபியூஸ்கள். பேட்டரியை மாற்றும்போது ஒரு கணம் ஒயர் மாறித் தொட்டாலும் இந்த ஃபியூஸ்கள் போய்விடும். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்ப்ஸ் ஃபியூஸ்தான், பெரியது போடாதீர்கள்.

கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

லேசாகச் சுள்ளென்றால்கூட விலகிக்கொள்ளுங்கள். வண்டியைத் தொடாமல் பெடஸ்டலுக்குப் போய்ப் பிரேக்கரை அணையுங்கள். குழந்தைகளை ஈரத்தரையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். வெறுங்காலோடு புல்லில் நின்றுகொண்டு படியைத் தொடும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, பறவை கம்பியில் உட்கார்ந்திருப்பது போல.

காரணம் இரண்டும் சேர்ந்திருக்கும்: எங்கோ ஃபேஸ் உடம்பில் கசிகிறது, அதைத் தரைக்குக் கொண்டுபோகவேண்டிய எர்த் அறுந்திருக்கிறது. பேனா டெஸ்டரை வண்டியின் உலோக உடம்பருகே கொண்டுபோனாலே அது விளக்கெரிந்து ஒலிக்கும். செருகிய ஒவ்வொரு முறையும், கதவைத் தொடுவதற்கு முன் இப்படிச் சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று விளக்கு டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டினாலும் உடம்பில் 120 வோல்ட் இருக்கும் ஒரு நிலை உண்டு. எர்த் ஒயரே இல்லாத பழைய வீட்டில், எர்த் முனையை நியூட்ரலோடு சாக்கெட்டுக்குள்ளேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள். அங்கே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியும் இருந்தால், எர்த் முனையே ஃபேஸ் ஆகிவிடும். துவாரங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் எல்லாம் சரியான எண்களையே காட்டும் என்பதால் விளக்கு டெஸ்டர் ஏமாந்துபோகும். பேனா டெஸ்டர் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

வீட்டு வாசலில் செருகும்போது

கராஜ் ஜிஎஃப்சிஐ பாயிண்டில் அடாப்டர் வழியாகச் செருகிய உடனே டிரிப் ஆகிறதா? ஃபேஸில் போவதற்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் 4 முதல் 6 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தாலே அது விழும். வண்டியின் எல்லாப் பிரேக்கர்களையும் அணைத்துவிட்டுச் செருகி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டபோது விழுகிறதோ அந்தச் சாதனம்தான் கசிகிறது. வழக்கமான குற்றவாளி வெந்நீர்த் தொட்டியின் சுருள். தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெந்து வெடித்துவிடும். அடுத்தது கேஸ் ஃபிரிட்ஜின் மின்சுருள். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிரேக்கர் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை, ஆகவே அணைத்தாலும் அந்தத் தொடர்பு இருக்கும். ஆர்வி பேனலில் இவை இரண்டும் தனித்தனியாகவே இருக்கவேண்டும்; வீட்டு பேனல் பார்த்துப் பழகிய யாரோ இணைத்திருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் தடிமனாக இருக்கட்டும். 16 கேஜ் ஒயர் 100 அடி நீளத்தில் 12 ஆம்ப்ஸ் போனால் 10 வோல்ட்டுக்கு நெருக்கமாக இழந்துவிடும். 10 கேஜ் போடுங்கள், கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். வீட்டு 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் பேட்டரி சார்ஜும் ஃபிரிட்ஜும் போதும், ஏசி வேண்டாம்.

வீட்டில் ஆர்விக்கென்று புதிதாக டிடி-30 சாக்கெட் போடச் சொல்கிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் ‘30 ஆம்ப்ஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அமெரிக்க வீடுகளில் 30 ஆம்ப்ஸ் என்றால் துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் பாயிண்ட்தான் நினைவுக்கு வரும். பார்க்கவும் ஓரளவு டிடி-30 போலவே இருக்கும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனே அந்த ஞாபகத்தில் இரட்டைப் பிரேக்கர் போட்டு 240 கொடுத்துவிடுவதுண்டு. அதில் வண்டியைச் செருகினால் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், டிவி, ஃபிரிட்ஜ் பலகை எல்லாம் ஒரே நொடியில் போகும். ‘120 வோல்ட், ஒற்றை 30 ஆம்ப்ஸ் பிரேக்கர், ஃபேஸ், நியூட்ரல், எர்த், 10 கேஜ் ஒயர்’ என்று எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் சாய்வான இரண்டு துவாரத்தில் மீட்டர் முனைகளை வையுங்கள். 120 காட்டினால்தான் எலக்ட்ரீஷியனை அனுப்பவேண்டும்.